நிட்டாவோவின் பேச்சு

பொத்துவில் பஸ் கல்முனைச் சந்தையில் நிற்கிறது. டிரைவர் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை நானும் இறங்கி நிற்கிறேன். தெற்கே பாணமைக் காட்டில் நிட்டாவோ என்று ஒரு குள்ளமான குரங்கு மனிதக் கூட்டம் உண்டு என்கிறார்கள். அது குருவிபோலக் கீச்சிடுமாம். அது வெறும் சத்தமா, மொழியா என்று அறியத்தான் மதராஸிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்திருக்கிறேன். வீட்டில் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காட்டுத் தேனைப் போத்தலில் விற்கும் ஒருவர் அகப்படுகிறார். சந்தையில் எல்லாரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்கிறார்கள்.

"நிட்டாவோ பேசுமா, காக்கா?"

"ஓம், நல்லாப் பேசும். எங்கட வாப்பாவையும் பேசியிருக்கு."

வாப்பாவோடு என்பதைத்தான் வாப்பாவை என்கிறார் என்று மனதுக்குள் இலக்கணம் திருத்திக்கொண்டு பூரித்துப்போகிறேன்.

"என்ன பேசிற்று?"

"தேன் எடுக்கப் போன இடத்தில மரத்துக்கு மேல நிண்டு கீச்சுக் கீச்செண்டு ஒரே பேச்சு. வாப்பாவுக்கு வெக்கமாப் போச்சு."

"அப்படியானால் அதற்கு மொழி இருக்கிறது."

"அது கதைக்குமா எண்டு எனக்குத் தெரியா தம்பி. பேசும் எண்டுதான் சொன்னன். ஏசும்."

இந்த ஊரில் கதைப்பது என்றால்தான் பேசுவது; பேசுவது என்றால் திட்டுவதாம். எனக்கு முகம் வாடிவிடுகிறது.

"சொல்லே இல்லாத கீச்சைத் திட்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்?"

காக்கா வாய் திறக்குமுன் பஸ் ஹார்ன் அலறுகிறது. முதலில் நீளமாக, பிறகு வெட்டி வெட்டி, பிறகு நிற்காமல். சந்தையே என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

"கேக்குதா? ஒங்களத்தான் பேசுது," என்கிறார் காக்கா.

"இதோ வந்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்" என்று பஸ்ஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓடுகிறேன்.