ரோட்டுக்கும் ஒரு புக்கிங்

பசறையில் நானும் என் நாத்தனார் செல்வியும் மணப்பெண் அலங்காரம் செய்கிறோம். புக்கிங் எல்லாம் இருவர் போனிலும் தெரிகிற ஒரே கலண்டரில்தான் போடுவோம்.

ஒருநாள் பதுளையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, மகளின் மாலை ரிசெப்ஷனுக்கு அலங்காரம் கேட்டார். அன்று எங்களுக்குக் காலையில் மலை மேலே மடுல்சீமையில் ஒரு கல்யாணம் மட்டும்தான். சரி சொல்லலாம் என்று கலண்டரைத் திறந்தால், மத்தியானத்திலிருந்து 'ரோடு' என்று போட்டு அடைத்து வைத்திருந்தாள் செல்வி. எனக்கு எரிச்சல் வந்தது.

"ரோட்டுக்குமா புக்கிங் போடுவ?" என்று கேட்டேன்.

"கல்யாண வீட்ல விட்டாலும் அந்த ரோடு நம்மள விடாது அண்ணி," என்றாள்.

அரை மனதோடு அந்த அம்மாவை வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது நல்ல மழை. மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பஸ்ஸுக்குள்ளேயே பொழுது சாய்ந்தது. சரி சொல்லியிருந்தால் அந்தப் பதுளைப் பெண் தலைகூடப் பின்னாமல் எங்களுக்காகக் காத்திருந்திருப்பாள். பக்கத்தில் செல்வி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் வேலையைக் கலண்டரில் போடுவதற்கு முன்பே போகவர ரோட்டைப் போட்டுவிடுகிறேன். யார் நாள் கேட்டாலும், "ரோட்டைக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்கிறேன்.