மௌனத்துக்கு மைக்செட்

மைக்கை ஊதிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அந்த மைக்செட்காரருக்கு ஆகாது. “அது என்ன அடுப்பா?” என்பார். அவருடைய சோதனை நகத்தால் இரண்டு தட்டு, பிறகு ஒரே வாக்கியம்: “கேக்குதா? கேக்கலைன்னா சொல்லுங்க.” கேட்காதவன் எப்படிச் சொல்வான் என்று யாராவது மடக்கினால், “அது என் மச்சானோட டெஸ்டிங். அவன்கிட்டதான் கேக்கணும்” என்றுவிட்டு வயரைச் சுருட்டப் போய்விடுவார். மச்சானிடம் கேட்க முடியாது. மச்சானின் பெயர் சந்தை முற்றத்து நினைவுக் கல்லில், மேலிருந்து ஏழாவதாக இருக்கிறது.

ஐம்பத்தைந்து வயது, ஒல்லி. மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவருக்கு டெஸ்டர். இடது மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருள் ஒன்று வளையல் மாதிரி கிடக்கும். வலது மணிக்கட்டில் வினாடி முள் வைத்த பெரிய வாட்ச். வீட்டில் டிவியைச் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். யார் பொய் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியுமாம்.

சந்தையில் நேருக்கு நேர் அவர் ‘அண்ணே.’ முதுகுக்குப் பின்னால் ‘கொய்ங்.’ பேச்சு நீளும்போது அவருடைய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கொய்ங் என்று ஓர் அலறல் கிளம்பும். பேச்சாளர் பதறிப்போய், “எனவே சுருக்கமாக” என்று முடித்துக்கொள்வார். இதை இயந்திரக் கோளாறு என்று ஊர் நம்பிய காலமும் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்பது நிமிடம் வாழ்த்தியபோது மூன்று தடவை கொய்ங் வந்தது. மூன்றாவது தடவை பெண்ணின் அப்பா மேடையோரம் வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு யாரும் நம்புவதில்லை.

மச்சான் அவருடைய மனைவிக்குத் தம்பி, தொழிலில் கூட்டாளி. பெட்டியின் ஒரு முனையை இவர் தூக்கினால் மறுமுனையை அவர். வாய் ஓயாத ஆள். “பல் டாக்டர் கொறடை உள்ள விட்டாலும் பேசிக்கிட்டே இருப்பான். டாக்டரம்மாவே பயந்துட்டாங்க” என்பார் இவர். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, வண்டி சந்தை வாசலில் நின்றது. “ஒரு நிமிஷம் மாமா, டேப் தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்” என்று மச்சான் குதித்து இறங்கினார். ஒரு நிமிடம்தானே என்று இவர் எஞ்சினை அணைக்கவில்லை. யாரோ சந்தைக்குள் ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது வெடித்ததில் போனவர்கள் பத்தொன்பது பேர்.

முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு மைக்செட் இவருடையதுதான். வியாபாரிகள் சங்கச் செயலாளர், பாத்திரக் கடைக்காரர், “இப்போது ஒரு நிமிட மௌனம்” என்றார். தலைகள் குனிந்தன. “நன்றி, அமரலாம்” என்று அவரே முடித்தும் வைத்தார். இவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வினாடி.

ஆம்ப்ளிஃபயர் மூடியின் உட்பக்கம் சாக்பீஸால் 22 என்று எழுதி வைத்தார். மறு வருடம் 19. அதற்கடுத்த வருடம் 31. சிறப்பு விருந்தினர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததில் கிடைத்த லாபம்.

“பாத்திரக் கடையில தராசு இப்படிப் பாதியில நின்னா விடுவாங்களா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்றார் மனைவி.

கூட்டத்தில் குடும்பத்தாருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. மனைவி அங்கே உட்காருவதில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், பிளக் பலகையை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். வீட்டு மனிதர் மானத்தை வாங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பார்.

நான்காம் வருடம் மனிதர் வேலையைக் காட்டினார். மௌனம் அறிவித்ததும் குமிழைத் திருகிச் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டார். செயலாளரின் “நன்றி, அமரலாம்” முன்வரிசையோடு நின்றுபோனது. முன்வரிசை பாதி உட்கார்ந்தது. பின்னால் முந்நூறு பேர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து மறுபடி எழுந்தது. அறுபதாவது வினாடியில் குமிழ் பழைய இடத்துக்கு வந்தது. மூடியில் 60. அடுத்த இரண்டு வருடமும் 60, 60. போன வருடம் மட்டும் 74. செயலாளர் நடுவில் தும்மியதற்கு அபராதம் என்பது இவருடைய விளக்கம்.

இந்த வருடம் செயலாளர் சுதாரித்துவிட்டார். காலையிலேயே ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து நின்றார்.

“இங்க பாருப்பா. வர்ற அதிகாரிக்குப் பன்னெண்டு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கு. இன்னைக்கு உன் மெஷின் மக்கர் பண்ணுச்சுன்னா, அடுத்த வருஷம் வேற ஆளு.”

“மெஷினுக்கு வயசாயிடுச்சு முதலாளி. சொன்னா எங்க கேக்குது?”

“கேக்க வைக்கிறேன். மௌனம் ஆரம்பிச்சதும் குமிழை நான் பிடிச்சுக்கறேன். நீ கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு.”

“அதான் நல்லது” என்றார் மனைவி ஸ்டூலிலிருந்து. “அவர் சொல்றதுல என்ன தப்பு? இந்தத் தடவையாவது சும்மா இருங்க.”

இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. வேறு ஆள் வந்தால் அவன் நல்ல ஆம்ப்ளிஃபயர் கொண்டுவருவான். சொன்ன இடத்தில் சத்தம் வரும், சொன்ன இடத்தில் நிற்கும். மறுபடி 22, 19 என்று போகும். எழுதி வைக்கக்கூட ஆள் இருக்காது. இவர் நகத்தால் மைக்கை இரண்டு தட்டு தட்டி, “கேக்குதா? கேக்கலைன்னா சொல்லுங்க” என்றார். கடைசி வரிசையில் யாரோ, “கேக்கலை” என்றார்கள். வருடா வருடம் அப்படிச் சொல்லும் ஒருவர் உண்டு. சிரிப்பு எழுந்து அடங்கியது.

இந்தத் தடவை மௌனத்தை அதிகாரியே அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். மனைவியும் ஸ்டூலை விட்டு எழுந்து தலை குனிந்தார். செயலாளரின் இரண்டு விரல்கள் குமிழின் மேல், மூக்குப்பொடி டப்பாவைப் பிடித்த மாதிரி இறுக்கமாக இருந்தன. இவர் பின்னால் கட்டிய கையைச் சற்றே முன்னால் கொண்டுவந்து வாட்ச்சைப் பார்த்தார். பத்து. பதினைந்து. தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பதினெட்டில் அதிகாரி மைக்கை உயர்த்தினார். கொய்ங்குக்கும் வழியில்லை, அதுவும் அந்தக் குமிழில்தான் இருக்கிறது.

“நன்” என்றது ஸ்பீக்கர்.

அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. செயலாளர் குமிழை வலது கோடிவரை திருகினார், இடது கோடிவரை திருகினார்.

“என்னப்பா பண்ணின?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

இவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அதில் பொய் இல்லை. பிறகு வயர் போன வழியே கண்ணை ஓட்டினார். பிளக், பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் கிடந்தது. வயர் மனைவியின் செருப்புக்கு அடியில் இருந்தது. மனைவி கண்களை மூடியிருந்தார்.

“ஃபியூஸா இருக்கும் முதலாளி” என்றார் இவர். “ஒரு நிமிஷம்.”

செயலாளர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஃபியூஸைத் தேட ஆரம்பித்தார். அவரைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைத்து, பிளக்கை மறைத்தாற்போல் இவர் நின்றுகொண்டார். முன்வரிசை உட்காரப் போய் எழுந்தது. அதிகாரி செத்த மைக்கை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தலை குனிந்தார். நாற்பது. ஐம்பது. லாரி நின்றுவிட்டிருந்தது. அறுபது.

மனைவியின் முழங்கையை லேசாகத் தொட்டார்.

“ஆச்சு.”

“இருங்க” என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

இவர் வாட்ச்சின் வாரை அவிழ்த்து, கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.