நனையக் கூடாத படகு

எலி மூத்திரமும் பழைய பேப்பரும் கலந்த ஒரு வாடை... கோட்டூர்புரத்தில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டில், சுருட்டிக் கிடந்த ஒரு படகுப் பாயைப் பிரித்தபோது வந்தது. இன்றைக்கும் யாராவது "டொனேஷன்" என்றால் அந்த வாடைதான் என் மூக்கில் ஏறுகிறது.

அப்போது எனக்கு தி.நகரில் அக்கவுன்ட்ஸ் வேலை. சனி, ஞாயிறுகளில் நொச்சிக்குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்காக நண்பர்கள் சேர்ந்து ஓர் இளைஞர் மன்றம் நடத்தினோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு பயிற்சி மையம், பாய்மரப் படகு ஓட்ட இலவசமாகவே கற்றுத் தருகிறோம், படகு மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள் என்றது.

புதுசு வாங்க நமக்கு ஏது வழி? பழசு தேடி அலைந்தோம். அடையாறில் ஒரு மொட்டை மாடியில் படகுக்குள் மண்ணைக் கொட்டிக் கீரை போட்டிருந்தார்கள். ஒரு ரெஸ்டாரன்டில் படகில் ஐஸைக் கொட்டி மீன் அடுக்கியிருந்தார்கள். கேட்டால், அது இருந்தால்தான் "லுக்" என்றார்கள். இன்னொருவர் தாராளமாகத் தருவதாகச் சொல்ல, போய்ப் பார்த்தால் படகுக்கு அடிப்பாகமே இல்லை. வீட்டுக் குப்பையைக் காலி பண்ண எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

கோட்டூர்புரத்துப் படகு மட்டும் முழுசாக இருந்தது. அந்த வீட்டு சாருடைய மகன் சின்ன வயதில் ஓட்டியது. மகன் இப்போது அமெரிக்காவில். எடுத்துக்கோங்க என்றார் சார். ஒரே கண்டிஷன், பாயில் அவர் அப்பாவின் பெயரை எழுத வேண்டும்.

எழுதினோம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு எழுதுவார்களே... அந்த மாதிரி, 'உபயம்' என்று ஆரம்பித்து, பாய் முழுக்க நீலப் பெயின்ட்.

அப்புறம்தான் அடுத்ததைச் சொன்னார்.

"ஒரு விழா வச்சு முறையா ஒப்படைச்சிடறேம்மா. அதுவரைக்கும் தண்ணில இறக்கிடாதீங்க. பேர் அழிஞ்சிடும்."

மன்றத்து ஷெட்டில் கொண்டுவந்து வைத்தோம். ஆனால் படகு இன்னும் அவருடையதுதான். மீறினால் திரும்ப எடுத்துக்கொள்வார்.

மகன் லீவில் வரட்டும் என்றார். மகன் வரவில்லை. ஒரு வி.ஐ.பி. தேதி தரட்டும் என்றார். தேதி வந்தது, கூடவே தேர்தலும் வந்தது. தேர்தல் முடிந்தால் மழை. மழை விட்டால் மார்கழி. பிறகு வி.ஐ.பி. ஊரில் இல்லை. அவர் திரும்பினால் ஆடி. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

படகு வந்தபோது, மன்றத்துக்கு வந்துகொண்டிருந்த நந்தினிக்குப் பதிமூன்று வயது. அவள் அப்பா தினமும் கடலுக்குப் போகிறவர். ஆனால் பெண் பிள்ளையைப் படகில் ஏற்ற மாட்டார். அவளுக்கு இருந்த ஒரே வழி இந்தப் படகுதான். அதுவும் பதினைந்து முடிந்தவர்களை அந்தச் சின்னப் படகில் ஏற்றக் கூடாது என்பது மையத்தின் விதி.

ஷெட்டில் தரையில் நின்ற படகில் ஏறி உட்கார்ந்து, பாய் இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம் சாய்ந்து... அப்படியே பழகினாள்.

"இது இன்னா ஷோகேஸ் பொம்மையாக்கா? கடல் இங்கதான கீது."

நான் சாருக்கு போன் போட்டுச் சண்டையே பிடித்தேன். அவர் சிரித்தார். "கடல் எங்கம்மா போயிடப் போகுது?"

கடல் போகவில்லைதான். ஆனால் நந்தினிக்குப் பதினைந்து முடிந்து சரியாக அடுத்த மாதம் விழா நடந்தது. ஷாமியானா, பொன்னாடை, படகுக்கு ரோஜா மாலை. இளைஞர்களின் எதிர்காலம் பற்றி வி.ஐ.பி. நெடுநேரம் பேசினார். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நந்தினி.

எல்லாரும் போன பிறகு, மையத்தில் கெஞ்சியாவது உன்னை ஒரு தடவை ஏற்றிவிடுகிறேன் என்றேன். மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"வேணாங்க்கா. எனக்கு வயசாயிட்ச்சு. சின்னதுங்க போட்டும்."

பதினைந்து வயதுப் பெண் சொன்ன வார்த்தை இது...

இப்போது யாராவது படகு தருகிறேன் என்றால் அன்றைக்கே வேனோடு போய் நிற்கிறேன். "விழா" என்று ஆரம்பித்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நந்தினி பாண்டி பஜாரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள்.

போன ஞாயிறு துறைமுகத்தில் அந்தப் படகைப் பார்த்தேன். யாரோ ஒரு சின்னப் பெண் ஓட்டிக்கொண்டு போனாள். இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரில் நனைந்தும், அந்த நீலப் பெயரில் ஓர் எழுத்துகூட அழியவில்லை.