சங்கு ஊதினால் பால்

கடிகாரம் வீட்டுக்கு வீடு வராத காலத்தில் தூத்துக்குடிக்கு மணி சொன்னது பஞ்சாலைச் சங்குதான். காலைச் சங்குக்கு இட்லிக்கடை அடுப்பு பற்றும். மதியச் சங்குக்கு உப்பளத்து ஆட்கள் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். சாயங்காலச் சங்குக்கு மக்ரூன் மிட்டாய்க் கடையில் விளக்கு எரியும். கைக்கடிகாரம் கட்டிய கனவான்கள்கூட சங்கு ஊதும்போது மணிக்கட்டைப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கடிகாரத்தைத்தான் திருகித் திருத்துவார்கள். சங்கைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இப்படி ஊரையே எழுப்பி, சோறு போட்டு, தூங்க வைத்துக்கொண்டிருந்த சக்தி, அய்யாக்குட்டி என்ற ஒருவனின் வலது கைக் கட்டைவிரலில் இருந்தது. ஆலையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை, சுவரில் ஒரு கறுப்புப் பொத்தான். அதை அமுக்கினால் மின்சாரச் சங்கு அலறும். அறையிலேயே மேஜைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்து அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. உடன்குடிப் பக்கத்துப் பனையேறிக் குடும்பம் அவனுடையது. இனியாவது எவனும் உயரத்தில் ஏறிப் பிழைக்க வேண்டாம் என்றுதான் அப்பா அவனைப் பட்டணத்துக்கு அனுப்பினார். பட்டணம் அவனை மூன்று மாடி ஏற்றி உட்கார வைத்தது. அந்த அறை ஜன்னலில் நின்றால் கடலும் தெரியும், கடலுக்கு இந்தப் பக்கம் அவன் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியும் தெரியும்.

அந்த வீட்டில் ஆறு வருஷம் தொட்டில் ஆடவில்லை. ஏழாம் வருஷம் முத்துக்கனி பிறந்தாள். பிரசவத்துக்கு வேம்பாரில் தாய்வீடு போன அவன் மனைவி சீனித்தாய், பிள்ளையோடு திரும்பி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வந்த கையோடு பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் ஹில்டா நர்சம்மா ஒரு சட்டம் போட்டு அனுப்பினாள். பிள்ளை அழுதவுடன் மாரில் போடக்கூடாது. நேரத்துக்குப் பால் கொடுக்க வேண்டும். சாயங்காலம் உடம்பு துடைத்து, பால் கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் தொட்டிலில் போட வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் வளர்கின்றன.

சட்டம் சரி, வீட்டில் கடிகாரம் எங்கே? கல்யாணத்துக்குச் சீனித்தாயின் அண்ணன் வாங்கித் தந்த சுவர்க்கடிகாரம் உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஆணிக்குப் பாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடிகாரம் எதுக்கு? நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்றான் அய்யாக்குட்டி. "சங்கு ஊதுனா பாலு. சாயங்காலச் சங்குக்குத் தொட்டிலு."

நடந்தது. ஷிப்டு, இடைவேளை என்று இரண்டு மூன்று மணிக்கு ஒரு சங்கு உண்டு. சங்கு ஊதும், சீனித்தாய் பிள்ளையை எடுப்பாள், பிள்ளை குடிக்கும். ஒரு வாரத்தில் சங்கு ஊதிய மாத்திரத்தில் முத்துக்கனி வாயைத் திறந்தாள். சாயங்காலச் சங்கு ஓய்வதற்குள் தொட்டிலில் கண் சொருகினாள். அய்யாக்குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், பால் கொடுப்பது அவள், உத்தரவு கொடுப்பது நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பெற்ற பிள்ளைக்கு மூன்று மாடி உயரத்திலிருந்து பசியமர்த்தும் தகப்பன் இந்தக் கடற்கரையில் வேறு யார்?

அப்போது தீபாவளி வந்தது. போனஸ் பேச்சு முறிந்தது. ஆலைக்குள் வேலைநிறுத்தம், சங்குக்கும் வேலைநிறுத்தம்.

முதல் நாள் முத்துக்கனி நேரம் தெரியாமல் அழுதாள். நர்சம்மாவுக்குப் பயந்து சீனித்தாய் சங்குக்குக் காத்திருந்தாள். சங்கு ஊதவில்லை. அழுகை ஏறியதும் குற்றவாளியைப்போல மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். இரண்டாம் நாள் பிள்ளை தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் சீனித்தாயின் கண் இரண்டும் செம்போத்துக் கண்ணாகச் சிவந்திருந்தது.

"இந்தா பாருங்க," என்றாள். "இன்னைக்கும் பிள்ளை இப்படிக் கெடந்துச்சுன்னா நாளைக்கு மொத பஸ்சுக்கு நான் வேம்பாரு போறேன். அங்கன அம்ம இருக்கா, நாலு மதினி இருக்காவ. ஆளுக்குக் கொஞ்ச நேரம் தூக்குவாவ. இங்கன நீங்க ஒரே ஆளு. அதுவும் பொத்தான் இல்லாத ஆளு."

அய்யாக்குட்டி கணக்குப் போட்டுப் பார்த்தான். வேம்பாருக்குப் போன பிள்ளை காதுகுத்துக்குத்தான் திரும்பும். அதுவும் தாய்மாமன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அப்பனை யாரோ என்று பார்க்கும். ஆறு வருஷம் காத்துப் பெற்றதை இரண்டு வாரத்தில் பஸ் ஏற்றுவதா?

முதலில் வாயால் ஊதிப் பார்த்தான். தொட்டிலருகே நின்று, கழுத்து நரம்பு புடைக்க ஊ என்று நீட்டினான். பிள்ளை வீறிட்டது. பக்கத்து வீட்டுப் பிலோமினா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏலே அய்யாக்குட்டி, தெருநாய் அம்புட்டும் ஒனக்குப் பதில் சொல்லுது. பிள்ளைதான் சொல்ல மாட்டேங்கு."

"அக்கா, அண்ணன் சங்கு குளிக்கப் போறவருதான? வீட்டுல நல்ல சங்கு ஒண்ணு கெடந்தா தாங்களேன். ஊதிப் பாக்கேன்."

"கோட்டி பிடிச்சிருச்சாலே ஒனக்கு? பச்சப்பிள்ளை இருக்க வீட்டுக்குள்ள சங்கு ஊதுனா, யாரு போயிட்டான்னு கேட்டு நாலு பேரு மூங்கில் வெட்டிக்கிட்டு வந்துருவான். செத்த ஆளக் காணலைன்னா ஒன்னையே கெடத்துவான்."

அதுவும் வாஸ்தவம்தான். நேரே சங்கத் தலைவர் ஜெயசிங்கிடம் போனான். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சாயங்காலம் ஒரே ஒரு தடவை ஊதிக்கிடட்டா?"

"எதுக்குலே?"

"பிள்ளைக்குப் பாலுக்கு."

ஜெயசிங் கிளாசைக் கீழே வைத்தார். "சங்குங்கது யாரு கொரலு? மொதலாளி கொரலு. அந்தக் கொரலுக்கு வாயத் தொறக்க ஓம் பிள்ளைய இப்பவே பழக்கி வெச்சிருக்க. வெக்கமாயில்ல?"

"பாலு குடிக்கதுல என்ன அண்ணாச்சி வெக்கம்?"

"சங்குக்குக் குடிச்சா அடிமைத்தனம். பசிக்குக் குடிச்சா உரிமை."

சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. அரை மணி நேரத்தில் ஆலை வாசலில் முந்நூறு பேர் அதைக் கோஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோஷத்தில் அய்யாக்குட்டியும் கையை உயர்த்தினான். அர்த்தத்தைக் காதில் வாங்கவில்லை.

யாரோடும் வம்புக்குப் போகாதவன் என்பதால் அவனைப் பின்வாசல் காவலுக்குப் போட்டிருந்தார்கள். வேலைநிறுத்தத்தை மீறி ஒருவனும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியன் உப்பளத்துப் பக்கம் இறங்கியது. பின்வாசலில் காவல் நின்ற அய்யாக்குட்டியிடம், உள்ளே போக அய்யாக்குட்டி அனுமதி கேட்டான். காவல்காரன் கொஞ்சம் யோசித்தான். தெரிந்த ஆள், பிள்ளைகுட்டிக்காரன், போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடுவான் என்று விட்டுவிட்டான்.

மூன்று மாடி ஏறினான். பொத்தானில் கட்டைவிரலை வைத்தான். மூன்று நாள் பாக்கியையும் சேர்த்து அமுக்கினான்.

மக்ரூன் கடையில் விளக்கு எரிந்தது. இது அவன் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. சங்கு ஊதிவிட்டது, நிர்வாகம் பணிந்துவிட்டது என்று தொழிலாளர்கள் தூக்குச்சட்டியோடு வாசலுக்கு ஓடிவந்தார்கள். சங்கு ஊதிவிட்டது, சங்கம் பணிந்துவிட்டது என்று மானேஜர் ராஜகோபாலன் காரை எடுக்கச் சொன்னார். ஆழ்வார்திருநகரிக்காரர், நெற்றியில் திருமண் காயாமல் வந்து இறங்கினார். பூட்டிய கதவின் முன்னால் ஒரு பக்கம் ஜெயசிங், எதிர்ப்பக்கம் ராஜகோபாலன். இரண்டு பேர் முகத்திலும் ஜெயித்தவனின் பெருந்தன்மை.

"எப்பவோ செஞ்சிருக்கலாம் சார். பரவாயில்ல," என்றார் ஜெயசிங்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன். மனஸ்தாபம் வேண்டாம்," என்றார் மானேஜர்.

தோற்றவனிடம் எப்படித் தோற்றாய் என்று கேட்பது நாகரிகமில்லை. ஆகையால் ஊதியது யார் என்று இருவரும் கேட்கவில்லை. தோற்றவனுக்கு ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டுமே என்று ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு மாதமாக முடியாத பேச்சு ஒரு காப்பியில் முடிந்தது. மேலே ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்த அய்யாக்குட்டி, கைதட்டல் கேட்டதும் நழுவி இறங்கி, பின்வாசலில் முன்னைவிட விறைப்பாகக் காவல் நின்றான்.

கலைந்ததும் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை நடையாக வீட்டுக்கு வந்தான். வாசலில் பிலோமினா நின்றாள், தோளில் முத்துக்கனி. பிள்ளை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. உள்ளே சீனித்தாய் டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சங்கு கேக்கலியாளா?" என்றான் அய்யாக்குட்டி.

"கேட்டுது. செத்தவனுக்கும் கேட்டிருக்கும்," என்றாள் அவள் நிமிராமல். "மத்தியானத்துக்கு மேல நர்சாவது சட்டமாவதுன்னு, பிள்ளை கேக்கும்போதெல்லாம் குடுத்தேன். வயிறு நெறஞ்சு, விளக்கு வைக்கதுக்கு முன்னாடியே தானாத் தூங்கிட்டா. மூணு நாளைக்கு அப்புறம் நானும் இப்படிச் சாஞ்சேன். கண்ண மூடுனேன். ஊதுனீய."

அய்யாக்குட்டி மக்ரூன் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் மறைத்தான்.

"சரி, இனி என்ன செய்ய? போராட்டம் முடிஞ்சிட்டு. நாளைக்குக் காலைல ஊதித்தான ஆவணும்?"

"ஊதுங்க. நாங்க வேம்பாருல இருந்து கேக்கோம்."

"ஏளா, போவாத. நீ என்ன சொல்லுதியோ அதக் கேக்கேன்."

அழுத்திக்கொண்டிருந்த கையை அவள் எடுத்தாள். பெட்டியை மூடினாள், பூட்டவில்லை.

"அப்பம் இவ எந்திரிச்ச பெறவு ஊதுங்க. அதுக்கு மின்ன ஊதப்பிடாது."

"இவ எந்திரிச்சது அங்கன மாடில எனக்கு எப்பிடித் தெரியும்? மேஜையில கடிகாரம் வேற இருக்கு."

"ஊரே சங்கப் பாத்துத்தான் கடிகாரத்தத் திருத்துது," என்று பிலோமினா குறுக்கிட்டாள். "அந்தக் கடிகாரத்தையும் நீ திருத்துனா எவன் கேக்கப் போறான்? ஏளா சீனித்தாய், ஒங்க வீட்டுல செவப்புத் துண்டு இருக்கா?"

மறுநாள் முதல் பஸ் சீனித்தாய் இல்லாமல் வேம்பாருக்குப் போனது. அய்யாக்குட்டி மேல்மாடி ஜன்னலில் நின்றான். வீட்டு மொட்டைமாடிக் கொடியில் சிவப்புத் துண்டு ஏறியது. மேஜைக் கடிகாரத்தின் முள்ளை விரலால் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

அப்புறம் ஊர் அப்படியே நடந்தது. முத்துக்கனிக்குப் பசித்தால் உப்பளத்தில் தூக்குச்சட்டி திறந்தது. அவள் தொட்டிலில் ஏறுவதற்குச் சற்று முன்னால் மக்ரூன் கடையில் விளக்கு எரிந்தது. ராஜகோபாலன் தம்முடைய வெளிநாட்டுக் கடிகாரம் ஒரு நாள் முந்துகிறது, ஒரு நாள் பிந்துகிறது என்று ரிப்பேருக்குக் கொடுத்தார். கடைக்காரர் சங்கோடு ஒத்துப் பார்த்து, கோளாறு கடிகாரத்தில்தான் என்று உறுதியாகச் சொன்னார்.

மார்கழியில் ஒரு நாள் முத்துக்கனிக்குச் சளி. இருமி இருமி விடியும் நேரத்தில் அசந்து, வெயில் ஏறியும் எழவில்லை. ஊரும் எழவில்லை. தாமாக விழித்து ஆலை வாசலில் கூடிய சிலர், நாம்தான் சீக்கிரம் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல்மாடி ஜன்னலில் அய்யாக்குட்டி கழுத்தை நீட்டி நின்றான். கடைசியில் பிலோமினாதான் பொறுக்க மாட்டாமல் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏளா சீனித்தாய், பிள்ள முழிச்சிட்டாளா? துண்டக் காயப் போடு. ஊரு பசியோட கெடக்கு."