பித்தளை ஜெட்டும் நான் வாய் திறக்காத நண்பகலும்

ஆமணக்கெண்ணெய் கலந்த பெட்ரோல் எரியும் மணம்... ஒருமுறை ஏறினால் இரண்டு நாள் இறங்காது. சட்டையில் இருக்கும், தலையணையில் இருக்கும். மும்பை சயானில் ரயில் ஏறினால் பக்கத்தில் நிற்பவரின் முகச்சுளிப்பிலும் இருக்கும்.

நண்பர்களே, என்னை மேடையில் மட்டுமே கண்டவர்கள் இதை நம்ப மாட்டீர்கள். இருபத்து மூன்று வயதில் தாராவியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டறை இசக்கியின் அப்பாவுடையது. இசக்கி என் வயதுக்காரி. இஞ்சினைப் பிரித்துக் கோப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவள். பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு-ஸ்ட்ரோக் வண்டியை நாங்கள் இருவரும் மேடுபள்ளத்தில் பாயும் பந்தய வண்டியாக்கினோம். ஓட்டியவன் அவள் தம்பி சுடலை.

மாலையில் தமிழ் மன்றத்தில் முழங்குவேன். காலையில் அதே குரலோடு பட்டறைக்கு வருவேன். ஆகவே இசக்கி எனக்கு வைத்த பெயர் ‘மைக்கு’.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்றொரு பித்தளைத் திருகு உண்டு. அதன் துளை வழியேதான் பெட்ரோல் பாயும். துளை சிறுத்தால் எரிபொருள் குறையும், வேகம் கூடும்... சூடும் கூடும். எண்ணெயும் அந்தப் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆகவே அளவுக்கு மேல் குறைத்தால் பிஸ்டன் உலர்ந்து, உருளையோடு ஒட்டி நின்றுவிடும். ஓடும் வண்டியில் அது நேர்ந்தால் பின்சக்கரம் இறுகும். ஓட்டுபவன் பறப்பான்.

பந்தயத்துக்கு ஆறு வாரம் இருந்தது. பொருத்தியிருந்ததைவிடச் சிறிய ஜெட் வேண்டும் என்றேன் நான்.

“பிளக்கப் பாருலே, இப்பமே வெளுத்துக் கெடக்கு. இன்னும் கொறச்சா புடிச்சுக்கிடும்,” என்றாள் இசக்கி, பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் முனையைக் காட்டி.

விட்டேனா? அஞ்சியவர் எவரும் முந்தியதில்லை என்று தொடங்கினேன். துணிவைப் பற்றி, இளமையைப் பற்றி, வெற்றியைப் பற்றி... பட்டறைக்குள் கால் மணி நேரம் முழங்கினேன். சுடலையின் கண்கள் மின்னின.

“அண்ணன் சொல்லுததும் சரியாத்தானேக்கா இருக்கு?”

“அவன் சொன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும். இஞ்சினுக்குக் காது கெடையாதுலே.”

ஆனாலும் தம்பியின் பிடிவாதத்துக்கு இணங்கினாள். சிறிய ஜெட் ஏறியது.

மறுநாள் காலை, மான்குர்த் திடல். சுடலை முழு வேகத்தில் பாய்ந்தான். ஒலி மெலிந்து, கூர்ந்து, மேலே மேலே ஏறியது... சட்டென்று அறுந்தது. புழுதி அடங்கியபோது வண்டி ஓரிடத்தில், சுடலை வேறிடத்தில். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை.

அவனுக்குக் கட்டுப் போட்ட பிறகு இசக்கி இஞ்சினைத் திறந்தாள். நகத்தால் பிறாண்டியது போல் கோடுகள் விழுந்த பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இப்பம் பேசு மைக்கு. கேக்கேன்.”

பிஸ்டனைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்; கோடுகள் அழியவில்லை.

எஞ்சியது ஒரே பிஸ்டன். அதுவும் போனால் பந்தயம் இல்லை. உருளையைக் கடைந்து அதைப் பொருத்தினோம். அன்று இசக்கி ஒரு சட்டம் இயற்றினாள்: “இனி டெஸ்டுல பேச்சு, பக்பக் எதுவும் கெடையாது. பிளக்கு மட்டுந்தான் பேசணும்.”

சுடலையின் கை ஆறியதும் அப்படியே நடந்தது. மிகப் பெரிய ஜெட்டில் தொடங்கினோம். சுடலை முழு வேகத்தில் ஓட்டி, இஞ்சினை அணைத்து, உருண்டு வந்து நிற்பான். பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். கறுப்பு என்றால் பெட்ரோல் மிகை. வெண்மை என்றால் குறை. ஒரு காலைக்கு ஒரு ஜெட், முந்தையதைவிட ஓர் அளவு சிறியது. நாள்தோறும் விடியலில் திடல், பிறகு பட்டறை வேலை. பதினோராம் நாள் பிளக் காப்பி நிறம் காட்டியது. மூவரும் தலையசைத்தோம்.

பந்தயம் மலைத்தொடருக்கு மேலே, காட் எனும் மலைப்பாதை ஏறிப் போகும் ஓர் ஊரில். டெம்போவில் வண்டியை ஏற்றிப் போனோம். நண்பகல் ஒத்திகையில் இஞ்சின் இருமியது. வேகம் எடுக்க முயன்றால் விக்கியது.

“நேத்து வர நல்லாத்தானே இருந்துச்சு!” இசக்கி இஞ்சின் பக்கம் குனிந்தாள்.

எனக்குப் புரிந்தது. நாங்கள் கடல் மட்டத்தில் அளந்தோம். மேலே காற்று மெலிது. அங்கே சரியான பெட்ரோல் இங்கே மிகை. இன்னும் சிறிய ஜெட் வேண்டும்... முதலில் பொருத்தியிருந்தபோது பிளக்கை வெளுக்க வைத்தது என்று இசக்கி காட்டினாளே, அந்த ஜெட்; சுடலையை வீழ்த்தியதைவிட ஒரு படிதான் பெரியது.

இதை எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. சுடலையைக் கைகாட்டி ஒருமுறை முழு வேகத்தில் ஓடவிட்டேன். பிளக்கைக் கழற்றினேன். கரியும் ஈரமுமாக இருந்தது. அதை ஒரு துணியில் வைத்து, பக்கத்தில் அந்தச் சிறிய ஜெட்டை வைத்து, இசக்கி முன் நீட்டினேன்.

பிளக்கைப் பார்த்தாள். ஜெட்டைப் பார்த்தாள். தம்பியின் கையில் இன்னும் சிவந்திருந்த வடுவைப் பார்த்தாள்.

“நீ என்னலே சொல்லுத?”

“அண்ணன் இன்னைக்கு வாயே தொறக்கலியேக்கா,” என்றான் சுடலை. “அப்பம் நெசமாத்தான் இருக்கும்.”

இசக்கி திருப்புளியை எடுத்தாள்.

சுடலை ஆறாவதாக வந்தான். கடைசி ஏற்றத்திலும் கை தளர்த்தவில்லை. இஞ்சின் ஒருமுறைகூட விக்கவில்லை. எத்தனையாவது இடம் என்று இசக்கி கேட்கவே இல்லை. தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று இசக்கிக்குச் செம்பூரில் சொந்தப் பணிமனை. போன மாதம் போயிருந்தேன். “இப்பம் காட் ஏறினா வண்டியே காத்த அளந்துக்கிடும். நம்ம ரெண்டு பேருக்கும் அங்க சோலியே இல்ல,” என்று சிரித்தாள். நல்லதுதான். என்னைப் போன்ற ஒருவனின் பிடிவாதத்துக்காக இனி எவர் தம்பியும் விழ வேண்டியதில்லை.

ஆனாலும்...

இன்று ஆயிரம் பேர் என் பேச்சை நம்பிக் கைதட்டுகிறார்கள். அவர்களில் எவரும் என் பேச்சால் விழுந்து அடிபட்டவர் அல்லர். அடிபட்டவன் ஒருவன், அதே நான் நீட்டிய ஜெட்டை நம்பி, மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவன் ஏறி உதைத்துக் கிளப்பிய அந்த ஓசைக்கு ஈடான கைதட்டலை நான் இதுவரை கேட்டதில்லை.