கனடாப் பலகைக்குத் தாகேதாவில் பரீட்சை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. யாங்கோனில் தாகேதா பக்கம் போகும் பஸ்ஸில் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, மீனா என்று கேட்டார். இல்லை, பலகை என்றேன். எங்கே கொண்டு போகிறீர்கள் என்றார். ஐஸில் வைக்க என்றேன்.

அடுத்த ஸ்டாப்பில் அந்த அம்மா வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

நீங்களாக இருந்தாலும் மாறியிருப்பீர்கள். அதனால் விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மீனாட்சி கனடாவில் வினிபெக் என்ற ஊரில் இருக்கிறாள். மைனஸ் முப்பது எல்லாம் அங்கே சர்வசாதாரணம். மருமகன் பெயர் மின். பர்மியப் பிள்ளை, பௌத்தர், தங்கமான குணம். என்னை ‘அப்பே’ என்றுதான் கூப்பிடுவார். பர்மிய மொழியில் அப்பா என்று அர்த்தம். அவர் பேசுவதெல்லாம் பர்மியம்தான். உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பழைய வீடு வாங்கினார்கள். சமையலறைக் கதவைத் திறந்தால் தோட்டத்துப் பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு மர மேடை. டெக் என்கிறார்கள். போன குளிர்காலத்தில் மீனாட்சி அந்த டெக்கில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எதற்கு வெளியே போனாய், எப்படி விழுந்தாய் என்று நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு இருக்கிற பிள்ளையிடம் கேள்வியா கேட்பார்கள்?

இப்போது அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். குழந்தை பிறக்கப்போவது சரியான பனிக்காலத்தில். இன்னொரு தடவை அவள் விழக் கூடாது... எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் இந்த ஒரு வேண்டுதல்தான்.

பழைய டெக் இற்றுப்போய்விட்டது, பனிக்கு முன்னால் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறேன், எந்தப் பலகை நல்லது அப்பே என்று மருமகன் கேட்டார். என்னிடம் ஏன் கேட்டார்? நான் யாங்கோன் பபேடான் கடைவீதியில் முப்பது வருடமாகக் கீல், தாழ்ப்பாள், ஸ்க்ரூ விற்கிற கடைக்காரன். படித்தது எட்டாவது. ஆனாலும் மரம், இரும்பு என்றால் ஏதோ கொஞ்சம் தெரியும்.

தேக்கு என்றேன். இந்த பர்மா மண்ணில் பிறந்தவன் வேறென்ன சொல்வான்?

மருமகன் கொஞ்சம் தயங்கினார். "தேக்கு நல்லதுதான் அப்பே. ஆனா இங்க அது கிடைக்கிறது கஷ்டம். வருஷா வருஷம் எண்ணெய் பூசணும். இங்க எல்லாரும் இப்ப காம்போசிட்தான் போடுறாங்க. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேத்து உருக்கி, அச்சுல இழுக்கிற பலகை."

"மரத்தூளா? அத நாங்க அடுப்புக்குல்ல போடுவோம்!"

"யாபாடெ அப்பே, பரவாயில்ல. நீங்க வேணாம்னு சொன்னா வேணாம்."

அந்த ‘வேணாம்னா வேணாம்’தான் என்னை உலுக்கியது. நான் தெரியாமல் ஒன்று சொல்லி, அதைக் கேட்டு அவர் போட்டு, அதில் என் பிள்ளை கால் வைத்து... வேண்டாமப்பா! தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். துண்டு அனுப்புங்கள், தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். விடுமுறைக்கு யாங்கோன் வந்த அவருடைய நண்பர் கையில் மூன்று துண்டு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.

மூன்றையும் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசினேன். என் மனைவி பாக்கியம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பலகைக்குமா விபூதி?"

"நம்ம புள்ள நடக்கப்போற பலகை."

"அப்ப கொஞ்சம் கூடவே பூசுங்க."

அப்புறம்தான் தொட்டுத் தடவிப் பார்த்தேன். முதல் துண்டின் உள்ளே நீளவாட்டில் ஓட்டைகள்; எடை குறைவு. இரண்டாவது கெட்டி, மேலேயும் பக்கங்களிலும் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் உறை, அடிவயிறு மட்டும் வெறுமை. மூன்றாவதுக்கு நான்கு பக்கமும் உறை. மூன்றிலும் மரத்தின் ரேகை அச்சடித்திருந்தது. கடைக்கு வந்த பர்மிய ஆசாரி ஒருவர் மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, "மரம் மாதிரி இருக்கு, மரம் வாசனை இல்ல" என்றார். எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம். மனிதனுக்கு எப்படியெல்லாம் மூளை போகிறது!

அதற்குப் பிறகு தினமும் காலையில் மருமகனுக்கு போன் போட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இந்த வயதில் இப்படி ஒரு படிப்பு. குளிர் ஊரில் மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து, தரையே மேலே எழும்புமாம். மேடையின் கால்களை ஆழமாகப் புதைக்காவிட்டால் மேடையைத் தூக்கிவிடுமாம். இந்தப் பலகை குளிரில் நீளம் சுருங்கும், வெயிலில் நீளும். அதனால் முனைக்கு முனை இடைவெளி விட வேண்டும். எவ்வளவு? போடுகிற அன்றைக்குப் பலகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து விடுவார்களாம். பலகைக்குக் காய்ச்சல் பார்க்கிற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பனியை இரும்பு மண்வெட்டியால் தள்ளினால் உறை கீறிவிடும், பிளாஸ்டிக் மண்வெட்டிதான் நல்லதாம்.

எல்லாம் சரி. ஆனால் குளிர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியுமா? டிசம்பர் காலையில் நாலு பேர் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். எங்கள் குளிர்காலம் அதோடு சரி. குளிரைப் பார்க்காதவன் குளிருக்குப் பலகை சொல்வதா?

அப்போதுதான் செல்வராஜ் ஞாபகம் வந்தது. தாகேதாவில் மீன் வைக்கிற ஒரு ஐஸ் கிடங்கில் சூப்பர்வைசர். அங்கே எல்லோருக்கும் அவன் ‘கோ செல்வா’, அதாவது செல்வா அண்ணன். பஸ்ஸில் பலகையோடு நான் போனது அவனைப் பார்க்கத்தான்.

"அண்ணே... மீன் வைக்கிற எடத்துல பலகையா? மொதலாளி கேட்டா என்னன்னு சொல்றது?"

"என் மக முழுகாம இருக்கான்னு சொல்லு."

"அதுக்கும் பலகைக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

சொன்னேன். சத்தம் போட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே மூன்று துண்டையும் வாங்கித் தண்ணீர் வாளியில் ஊறப் போட்டான். வெட்டின முனைகளில் தண்ணீர் புகாமல் இருக்க முன்கூட்டியே சிலிக்கான் பூசிக் கொண்டுபோயிருந்தேன். ஓட்டைப் பலகையின் ஓட்டைகளை மட்டும் திறந்தே விட்டிருந்தேன். டெக்கில் அதற்குள் தண்ணீர் போகத்தானே செய்யும்?

இரண்டு வாரம் அங்கேயே கிடந்தன. ஊறுவது, உறைவது, உருகுவது, மறுபடியும் உறைவது. உருகுவதற்கு நாங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. கரண்ட் போகும், ஜெனரேட்டரை மீன் அறைக்கு மட்டும் போடுவார்கள், ஓரத்து அறையில் எங்கள் பலகை உருகிவிடும். கரண்ட் வந்ததும் மறுபடியும் பனிக்காலம்.

"கனடாவுல வருஷத்துக்கு ஒரு தடவதான் பனி உருகும்ணே. இங்க ஒரே நாள்ல மூணு தடவ. இதுல தேறினா எங்கயும் தேறும்" என்றான் செல்வா.

பரீட்சை முடிவு பார்க்கப் போன அன்று கடையிலிருந்து அளவுகோலையும் எடுத்துக்கொண்டேன். ஓட்டைப் பலகை உள்ளுக்குள் வெடித்திருந்தது. இரண்டாவது அடிவயிற்றில் லேசாக உப்பியிருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது போட்டது போட்டபடி இருந்தது.

ஆக, மூன்றாவது பாஸ். சந்தோஷமாகக் கிளம்பியிருக்கலாம். ஆனால் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டாமா? விழுந்த கதைதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம்! மூன்றின் மேலும் தண்ணீர் ஊற்றி ஐஸ் பிடிக்க வைத்துத் தரையில் போடச் சொன்னேன். காலைத் தூக்கினேன்.

"அண்ணே! நில்லுங்க! செருப்பு எங்க?"

"வாசல்ல விட்டுட்டு வந்தேன்."

"இது என்ன கோயிலாண்ணே? ஐஸ் மேல வெறுங்காலா? எங்க ஆளுங்க எவனாவது இப்படி ஏறினா அன்னைக்கே வேலய விட்டுத் தூக்கிருவேன்!"

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிடுகிற பழக்கம். இந்த ஊரில் நம் ஆளுக்கும் அதுதான், பர்மியர்களுக்கும் அதுதான். செல்வா ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து என் காலில் மாட்டிவிட்டான். அவனே குனிந்து மூன்று பலகையையும் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தான். கை சறுக்கிக்கொண்டு போனது... மூன்றிலும்.

"ஐஸ் புடிச்சிட்டா மூணும் ஒண்ணுதாண்ணே."

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வா என்னைத் திட்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் காலை ஸ்பீக்கரில் போன் போட்டோம். அங்கே முதல் நாள் சாயங்காலம். நான் மூன்றாவது பலகையைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் பாக்கியம் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மீனா, அன்னைக்கு நீ விழுந்தியே... கால்ல என்னடி போட்டிருந்த?"

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

"கேக்குறேன்ல?"

"சாக்ஸ்மா."

"அம்மாம் பனியில வெறும் சாக்ஸா? எதுக்குடி?"

"தை அமாவாசைம்மா அன்னைக்கு. காக்காவுக்குச் சோறு வைக்கப் போனேன். அதுக்குச் செருப்பு போட்டுட்டா போவாங்க?"

போனை வாங்கினேன்.

"அப்படின்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்க சொன்னதில்லப்பா. ஆனா ஒரு நாளாவது செருப்போட வச்சிருக்கீங்களா? மழயில, சேத்துல... எப்பவும் வெறுங்காலுதானே. பாத்துட்டேதானே வளர்ந்தேன்."

பின்னாலிருந்து மருமகனின் குரல். மெதுவாக, இழுத்து இழுத்து. "அப்பே... எனக்கு அன்னைக்கே தெரியும். பூட்ஸ் போடுன்னு எத்தன தடவ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறா. உங்ககிட்ட சொல்லலாம்னா... உங்க சாமி விஷயம். நான் எப்படி? எனக்கு ஆநாடெ. அதான், வெறுங்காலுக்கும் வழுக்காத பலகை ஏதாவது இருக்குமான்னு நெனச்சு உங்ககிட்ட பலகை கேட்டேன்."

ஆநாடெ என்றால் பர்மாவில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் மனசு நொந்துபோகுமே என்று, சொல்ல வேண்டியதையும் விழுங்கிக்கொள்கிற கூச்சம். அதனால்தான் மரியாதைக்காரப் பிள்ளை என்னிடம் செருப்பைப் பற்றிப் பேசாமல் பலகையைப் பற்றிப் பேசினார். நானும் மரத்தூள், உறை, ஓட்டை என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தேன்!

இப்படித்தான் இல்லையா? மனுஷனிடம் சொல்ல முடியாததற்கெல்லாம் நாம் பலகையை மாற்றுகிறோம், கதவை மாற்றுகிறோம், சில பேர் வீட்டையே மாற்றுகிறார்கள்.

"இனிமே பூட்ஸ் போட்டுக்கம்மா" என்றேன். முன்னோருக்கு வைக்கிற சோறு... ஆனால் என் பிள்ளையின் வயிற்றிலும் ஓர் உயிர் இருக்கிறது.

"பாவமில்லயாப்பா?"

"பாவம்னா அது எனக்கு வரட்டும். நான் அம்மன்கிட்ட சொல்லிக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம். நீங்க செருப்போட வச்சா நானும் வைக்கிறேன். இல்லாட்டி சாக்ஸ்தான்."

"இங்க பனி எங்கம்மா இருக்கு?"

"மொட்டமாடியில பாசி இருக்குல்ல? போன வருஷம் நீங்க வழுக்கலயா? அம்மா சொன்னாங்க."

பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

நான்கு பக்கமும் உறை போட்ட மூன்றாவது பலகையையே வாங்கச் சொல்லிவிட்டேன். வெளிர் நிறத்தில். இந்த வாரம் பழையதைப் பிரிக்கிறார்களாம். அது நல்லபடியாக முடியட்டும். என் பாடுதான் பெரும்பாடு.

கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டேன். செருப்போடு சோறு வைக்கலாமா என்று பூசாரியிடம் கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பிவிட்டேன். கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

முந்தாநாள் மகாளய அமாவாசை. காலையில் இருந்தே தூறல். வாழை இலையில் சோற்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக் கதவு வரைக்கும் போனேன். செருப்பு அங்கே தயாராக இருந்தது. பாக்கியம் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். மனசுக்குள் முன்னோர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒரு காலை நுழைத்தேன். அப்புறம் மற்றதை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காலு தெரியல" என்றாள் பாக்கியம். கனடாவுக்கு அனுப்பப் படம் எடுக்கிறாளாம்.

"கா... கா..." என்று கூப்பிட்டேன். காகம் எப்போதும்போல வந்தது, சோற்றைப் பார்த்தது, சாப்பிட்டது — என் காலை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.