பூதத்துக்குக் கண் வைக்கும் ஊக்கு

அந்தமானில், சாத்தம் ஜெட்டியிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் இந்தக் கடலில் மிதக்கிற எந்தக் கப்பலில் தேடினாலும், குள்ளப் பூதத்துக்குக் கண் வைப்பதில் யோகராஜ் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கண் வைத்த பூதம் பகலில் முறைக்கும், கரண்ட் போனால் இமைக்கும். ஜப்பானிலிருந்து ஒருத்தன் வந்து, காலில் விழுந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறான்.

மற்றபடி மாமாவுக்கு சாத்தம்-பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் லஸ்கர் வேலை. ஃபெர்ரி ஜெட்டியை நெருங்கும்போது கயிற்றை வீசி இரும்புத் தூணில் மாட்ட வேண்டும். மாட்டி மாட்டி விரலெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. டூட்டி முடிந்து பாம்பூஃப்ளாட் வீட்டுக்கு வந்ததும், அந்த விரல்களால் சுண்டு விரல் உயரப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். ராட்சசன், மந்திரவாதி, கத்தி தூக்கிய எலும்புக்கூடு, குள்ளப் பூதம். எங்கள் சமையலறை ஜன்னல் அவர் மேஜைக்கு நேரே இருப்பதால் எனக்கு எல்லாம் தெரியும்.

ஊருக்குத் தெரியாது. தலை நரைத்த அரசாங்க ஊழியர் பொம்மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவருக்கு நடுக்கம். வீட்டில்கூட 'பொம்மை' என்று சொல்ல மாட்டார். 'சாமான்' என்பார்.

வெளிநாட்டுச் சாமானின் விலையைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். சென்னையில் ஒருவர் அதே மாதிரிச் சாமானை 3D மெஷினில் அச்சடித்து விற்கிறார். அவரிடம் கழித்துக்கட்டியதைக் கேட்டு வாங்குவார்: கை உடைந்தது, வாள் முறிந்தது, கால் கோணியது. முறிந்த ஈட்டிக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. பெயிண்ட் பாட்டிலை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கப்பலில் வருவதற்குள் ஆசையே காய்ந்துவிடும். அதனால் அபர்டீன் பஜாரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பெயிண்ட்தான். ஒரு தடவை ஃபெர்ரிக்கு அடித்து மிஞ்சியதைப் பூசிப் பார்த்தார். ஒரு பட்டாளமே மூக்கு இல்லாமல் போனது.

"ஒரு ராஜகுமாரன் வாங்கலாமே மாமா, பார்க்க லட்சணமா இருக்கும்" என்று கேட்டேன்.

"ராஜகுமாரனுக்கு ஒரு கோடு தப்பினா மூஞ்சி போச்சுடா. பூதம்னா நாம செய்ற தப்பெல்லாம் அதுக்கு அழகு."

கண் வைப்பதற்கு மட்டும் பிரஷ் உதவாது. சந்திரமதி அத்தையின் ஊக்கு வேண்டும். அதன் முனையைக் கறுப்பில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. காலையில் அத்தை சேலை கட்டும்போது ஊக்கைக் காணாமல், "உங்க பூதம் முழிக்கிறதுக்கு என் முந்தானை அவுந்து கிடக்கணுமா?" என்பார். திட்டிக்கொண்டேதான் அடுத்த ஊக்கையும் கொடுப்பார்.

நான் தினம் ஃபெர்ரி ஏறிப்போய் அபர்டீன் பஜாரில் மொபைல் கவர் விற்கிறேன். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டதிலிருந்து அதுதான் தொழில். பக்கத்துக் கடை அப்துல் ஹாதி பாயின் பார்சல் கவுண்டர். ஒரு நாள் மாமாவின் பார்சல் ஓரம் கிழிந்து, பச்சையாக ஒரு குட்டிக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அரே யோகராஜ் பாய், உள்ளேர்ந்து யாரோ டாட்டா காட்டுறாங்க. க்யா ஹை இது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் தினம் ஃபெர்ரியில் அவர் முகத்தைப் பார்க்கிறவர்கள்.

"பொம்மை" என்றார் மாமா. காது மடல் சிவந்துவிட்டது.

"பொம்மையா? யாருக்கு?"

"பையனுக்கு."

மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய் வந்து, கடைசியில் அந்தப் பேச்சையே வீட்டில் நிறுத்தியவர்கள். பார்சலை வாங்கித் திரும்பியவர், கடை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கேட்டார்.

நான் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். மறுநாள் ஃபெர்ரி நிறையக் கூட்டம் இருக்கையில், "அப்பா, கயிறு பத்திரம்" என்று கூவினேன். மாமா வெற்றிலை போட்ட மாதிரி சிவந்தார். அந்தச் சிவப்பு பிடித்துப்போய் தினமும் கூவினேன். எனக்கு அப்பா இல்லாமல் இல்லை. வடக்கே திக்லிபூரில் ரோடு போடுகிறார், ரோடு முடிந்ததும் வருவார். அந்தமானில் ரோடு முடிவதில்லை. ஆக, நான் கூவக் கூவ யோகராஜுக்கு ஒரு பையன் இருக்கிறான் என்பது இரண்டு கரையிலும் உறுதியானது. தூரத்தில் நிற்பவர்களுக்குக் குரல்தானே கேட்கும், ஆள் யார் என்று தெரியவா போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை பஜாருக்குப் போக ஃபெர்ரி ஏறினார். ஹாதி பாயும் வந்திருந்தார். நல்ல மனிதர். அத்தையைத் தேடி வந்து ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

"பாபி, இது உங்க பேட்டாவுக்கு. பார்சல் எடுக்க வர்றப்பல்லாம் பாய்க்கு அவன் பேச்சுதான். படிப்புல ரொம்பக் கெட்டிக்காரனாமே."

மாமா இவ்வளவு தூரம் வளர்த்திருப்பது எனக்கே தெரியாது. அத்தை பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு, "குடுத்துடறேன் பாய்" என்றார்.

மாமா வீசிய கயிறு தூணில் விழவில்லை. தண்ணீரில் விழுந்தது. ஃபெர்ரி முழுக்கக் கூச்சல், விசில். விசிலடிப்பதில் நான்தான் எப்போதும் முதல் ஆள். அன்றைக்கு உதடு குவியவில்லை.

சாயங்காலம் ஜன்னலில் பார்த்தேன். அத்தை மிட்டாயைக் கொண்டுவந்து பூதங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பேரு என்ன வச்சீங்க?"

மாமா தலையைத் தூக்கவே இல்லை. அத்தை மேஜையில் கிடந்த ஊக்கை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு உள்ளே போனார். நான் எங்கள் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

மறுநாள் பூதங்கள் பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் பரணுக்குப் போனது. அடுத்த பார்சல் வந்தபோது ஹாதி பாய் போன் செய்தார். "திருப்பி அனுப்பிடுங்க பாய்" என்றாராம் மாமா. மாமாவின் மேஜையில் இப்போது மின்சார பில்லும் மூக்குக் கண்ணாடியும் மட்டும். அவர் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஃபெர்ரியில் அவர் என் பக்கம் வந்தால் நான் அதில் ஏற்றியிருக்கும் ஆட்டோக்களுக்கு நடுவில் போய் மறைந்துகொண்டேன்.

கடைசியில் ஹாதி பாயிடம் போனேன். பையனும் இல்லை, ஒண்ணும் இல்லை, பொம்மை அவருக்குத்தான், அத்தையிடம் இனி எதையும் கேட்டுவிடாதீர்கள் என்று சொன்னேன். என் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னேன். வேறு கொஞ்சம் பேச்சும் நடந்தது, அது முக்கியமில்லை. இன்னும் திருப்பி அனுப்பாமல் கிடந்த பார்சலை வாங்கிவந்து மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். எவன் வைத்தான் என்று யாருக்குத் தெரியப்போகிறது.

இரண்டு நாள் போயிருக்கும். சாத்தமில் கயிற்றை மாட்டிவிட்டு மாமா நேரே என்னிடம் வந்தார். மறைந்துகொள்ள ஆட்டோ இல்லை.

"ஹாதி பாய் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தைகிட்ட மாஃப் பண்ணுங்கன்னு கேட்டார்."

நான் கடலைப் பார்த்தேன்.

"பையன் இல்லன்னு நீதான் சொன்னியாமே?"

"எவனாவது சொல்லியிருப்பான்."

"இந்த வயசுல பொம்மையான்னு அவர் சிரிச்சாராம். நீ கவுண்டர்ல ஓங்கி அடிச்சு என்னமோ சொன்னியாமே. சாத்தம்லேர்ந்து சிங்கப்பூர் வரைக்கும் அப்படின்னு."

எனக்குக் காது மடல் சுட்டது. மாமா விடவில்லை.

"பாய் அதை அப்படியே சொல்லிக் காட்டினார். அத்தை கேட்டுட்டே நின்னா. அப்புறம் ஊக்கைக் கழட்டி மேஜைல வச்சுட்டு, டின்னை இறக்கிக் குடுத்தா."

சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். ஹாதி பாய் கொடுத்த அதே பொட்டலத்து மிட்டாய்.

"அத்தை உன்கிட்ட குடுக்கச் சொன்னா" என்றார். திரும்பி இரண்டடி நடந்தவர், நின்றார்.

"ஆமா, அந்த ஜப்பான்காரன் எப்படா வந்தான்?"